செல்வராஜா அங்கிளின் மடக்கு நாற்காலி

செல்வராஜா அங்கிளிடம் அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. கலிபோர்னியாவின் சன்னிவேலில் எந்த வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், கேக் வெட்டுவதற்கு முன்பே, "நான் ஷேக்ஸ்பியர் கொம்பனியில இருக்கிறன், தெரியுமோ?" என்று ஆரம்பித்துவிடுவார். பகலில் ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் கணக்கர். கோடை வந்தால், பூங்காவில் ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் உள்ளூர்க் குழுவுக்கு பிராம்ப்டர். அதாவது, திரைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நடிகர் வசனத்தை மறந்தால் மெதுவாக எடுத்துக் கொடுக்கிற ஆள். உண்மையில் நடிக்கத்தான் போனாராம். அவருடைய யாழ்ப்பாணத்து இங்கிலீஷைக் கேட்டுவிட்டு இந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். மனிதர் அதையே பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், அவருக்கு மௌனம் ஆகவே ஆகாது. பேசுகிறவர் நடுவில் மூச்சு வாங்கினால் போதும், அடுத்த வார்த்தையை வாயில் திணித்துவிடுவார். வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ராஜராணி ஆன்ட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து தேறிய பிறகு பேச்சு நின்று நின்றுதான் வரும். "கறிக்கு..." என்று ஆன்ட்டி நிறுத்துவார். "உப்புக் காணாது!" என்று அங்கிள் முடித்து வைப்பார். ஆன்ட்டி சொல்ல வந்தது உறைப்பு கூடிவிட்டது என்பதாக இருக்கும். தலையை ஆட்டி மறுத்துப் பார்ப்பார், பிறகு சலித்துப்போய் பேசாமல் சாப்பிடுவார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றேழாம் வருஷக் கோடையில் இந்த வியாதி மேடைக்கே வந்துவிட்டது. ராஜா வேடக்காரர் செத்த மகன் முன்னால் மண்டியிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் கரோல் பார்த்துப் பார்த்து வைத்த மௌனம் அது. கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, திரைக்குப் பின்னாலிருந்து கணீரென்று அடுத்த வரி! முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தே விட்டார்கள். அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே கூத்து. கரோல் கார் பார்க்கிங்கில் வைத்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: இனிமேல் பிராம்ப்டரே வேண்டாம், நாற்காலியை மடக்கிவிடலாம்.

நான் சனிக்கிழமை காலைகளில் கல்லூரி ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறவள். அந்த மாதம் அந்தக் குழுவின் கலைஞர்களைத்தான் வரிசையாகப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர் சான்டா கிளாராவின் கடைகளுக்குப் பருப்பு வாங்க வருகிற நம் ஜனம் நாடகத்துக்கும் போகட்டுமே என்று ஓர் ஆசை. உடை தைப்பவர் வந்தார், ராஜா வேடக்காரர் வந்தார். கடைசி வாரம் கரோலும் அங்கிளும்.

முந்தின நாள் அங்கிள் போன் செய்தார். "எழிலரசி பிள்ளை, ரேடியோவில எனக்காக ரெண்டு வார்த்தை கதையும். அந்தக் கதிரையும் போனா நான் என்ன செய்யிறது?" கதிரை என்று அவர் சொன்னது அந்த மடக்கு நாற்காலியை. குரல் உடைந்தது. அத்தனை பெருமை பீற்றுகிற மனிதர் கெஞ்சினால் மனசு தாங்குமா?

"கவலைப்படாதீங்க அங்கிள், நான் ஹேண்டில் பண்றேன். நீங்க ப்ளீஸ், வாயை மட்டும் திறக்காதீங்க" என்றேன்.

திறக்காமலா? மறுநாள் ஸ்டூடியோவில் மூவரும் உட்கார்ந்தோம். கரோலிடம் எதைக் கேட்டாலும் அவர் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஏன் இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"பிகாஸ் ஆஃப் லவ்" என்று அங்கிள் மைக்கில் கிசுகிசுத்தார்.

"செலவு குறைவு என்பதால்" என்றார் கரோல், பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்தக் கோடையில் பெரிய தொல்லை எது என்று கேட்டேன். கரோல் மறுபடி கூரையைப் பார்த்தார்.

"மொஸ்கிட்டோஸ்" என்றார் அங்கிள்.

"பிராம்ப்டர்" என்றார் கரோல்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன். அப்போது டெலிபோன் விளக்கு மினுக்கியது. நேரலை என்பதால் அப்படியே எடுத்து ஒலிபரப்பில் விட்டேன்.

"ஹலோ... நான்... ராஜராணி."

அங்கிளுக்கு முகமே வெளுத்துவிட்டது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஆன்ட்டி பெற்ற பிள்ளைகளிடம்கூட போனில் பேசுவதில்லை.

"அவரை அங்கையிருந்து... அனுப்பாதேங்கோ. வீட்டில இருந்தால்..."

நின்றுவிட்டது. ரேடியோவில் மௌனத்தைப் போலப் பாவம் வேறில்லை, கேட்கிறவர் உடனே அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவிவிடுவார். என் கை தானாகப் பாட்டுப் போடும் பித்தானுக்குப் போனது. அங்கிள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு துடித்தது. நாக்கு நுனியில் நாலைந்து வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றது எனக்கே தெரிந்தது. இறுக்கி மூடிக்கொண்டார்.

"பொறும் பிள்ளை" என்றார். "அவ இன்னும் முடிக்கேல்ல."

கரோலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் கண் அங்கிளை விட்டு நகரவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, எனக்கு யுகமாக இருந்தது.

"வீட்டில இருந்தால்... என்னை ஒரு வசனமும்... முடிக்க விடமாட்டார்!"

சொல்லி முடித்துவிட்டு ஆன்ட்டி சிரித்தார் பாருங்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கிள் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார், சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கரோல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அப்படியானால் அந்த நாற்காலி..." என்று சொல்லி, வழக்கம்போல் கூரையைப் பார்த்தார். அங்கிளும் கூரையைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. நானும் பார்த்தேன்.

"...இருக்கட்டும்" என்றார் கரோல்.

அன்று மாலை பூங்காவில் ராஜராணி ஆன்ட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராஜா மண்டியிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆன்ட்டி என் கையைத் தட்டி, "பாவம், அவருக்கு இப்ப..." என்று நிறுத்தினார்.

"கஷ்டமா இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

ஆன்ட்டி என்னை முறைத்துவிட்டு, மேடையைப் பார்த்தபடி நிதானமாக முடித்தார்.

"இல்லை... பசிக்கும்."