வலப்பக்கம் திரும்பிய மடிப்பு

சின்னசேலத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட் ஒன்றில் எனக்கு வேலை. புது ஆர்டர் வந்தால் பயிற்சி கொடுக்கும் அக்கா ஒவ்வொரு மேஜையாக வந்து செய்து காட்டுவார். ஆட்கள் கூடியதும் அது நடக்கவில்லை. அதனால் எங்களுக்கென்று ஒரு ரீல்ஸ் பக்கம் தொடங்கினார்கள். அக்கா செய்வதைச் சின்ன வீடியோவாக எடுத்துப் போடுவார். லைக் போடாதவர்களை சூப்பர்வைசர் மறுநாள் நிற்க வைத்து ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார். அன்றிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சோறு வடிக்கும்போதுகூடக் கண் ஃபோனுக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரியாலூரில் அம்மா வீட்டில் இருந்தேன். மடிப்புப் பாவாடை வீடியோ வந்துவிட்டதாகத் தோழி கூப்பிட்டுச் சொன்னாள். பேச்சு கேட்கிற அளவுக்குத்தான் சிக்னல் இருந்தது, படம் திறக்கவில்லை.

"இன்னாடி, வந்ததுலேந்து ஃபோனத் தூக்கிக்கினு வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடக்கற? வூட்டுக்கு வந்தியா, டவர் தேட வந்தியா?" என்றார் அம்மா. சிரித்து மழுப்பினேன்.

மறுநாள் காலை பஸ் மலையிறங்கிய பிறகுதான் வீடியோ திறந்தது. மேஜைமேல் துணி, அக்காவின் இரண்டு கைகள், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு குண்டூசி. விரல் வழுக்கினால் வேறு ரீலுக்குத் தாவிவிடும்; லட்டு பிடிப்பவர் வருவார், ஆட்டுக்குட்டி துள்ளும். திரும்ப இழுத்துப் பார்ப்பேன். மடிப்பு வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் மனதில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அன்று அக்கா சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். எங்கள் வரிசை முழுக்க வீடியோவைப் பார்த்தே மடிப்புப் பிடித்தோம். மதியத்துக்குச் சற்று முன் சூப்பர்வைசர் முதலாளி அறையிலிருந்த மாதிரிப் பாவாடையோடு வந்தார். என் மேஜையில் இருந்ததோடு சேர்த்து வைத்துப் பார்த்தவருக்கு முகம் மாறியது.

"இன்னாம்மா இது? மாதிரில மடிப்பு இந்தாண்ட பாக்குது. உன்னுது அந்தாண்ட பாத்துக்கினு கீது."

"வீடியோல அப்டித்தாங்க இருந்துச்சி."

"அக்கா தப்பா போடுவாங்களா? நீங்கதான் ஒழுங்கா பாக்கல. மொத்தத்தையும் பிரிங்க."

சாப்பாட்டு நேரத்தில் இடக்கையில் ஃபோனும் வலக்கையில் சோறுமாக மறுபடி அதையே பார்த்தேன். அக்கா குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். இடக்கையால். எனக்குத் திக்கென்றது. அவர் எல்லாமே சோத்துக்கையால் செய்கிறவர். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். பக்கத்தில் கிடந்த டேப்பில் எண்கள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருந்தன.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். சூப்பர்வைசர் ஃபோனை வாங்கிப் பார்த்தார், மாதிரியைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார். "சரி, பிரிக்கறதப் பிரிச்சிதானே ஆவணும்" என்றார். ஆனால் அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்து பிரித்தார்.

செவ்வாய்க்கிழமை வந்த அக்கா விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஃபோன மேல மாட்டிட்டு, கை தெரியுதான்னு நானே பாக்கணும்னு முன்கேமராவுல எடுத்தேன்டி. அது திருப்பிப் போடும்னு யாரு கண்டா?" அந்த வீடியோவை உடனே நீக்கினார். ஸ்டூல்மேல் ஏறி நான் ஃபோனைப் பிடிக்க, பின்கேமராவில் புதிதாக எடுத்தோம். இனி எந்த வீடியோவையும் மாதிரியோடு ஒத்துப் பார்க்காமல் போடக் கூடாது என்று முடிவானது. ஆர்டர் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, திரும்பி வரவில்லை.

பிறகு மடிப்பு வீடியோக்களை என்னையே செய்யச் சொன்னார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி என் வீடியோவைப் பார்த்து முதல் பாவாடைக்கு மடிப்புப் பிடித்தாள். ஏதோ நூல் தேடுகிறவள்போல அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசி ஊசியைக் குத்தி அவள் துணியைத் தூக்கிப் பிடிக்கும்வரை என்னால் என் இடத்தில் போய் நிற்க முடியவில்லை.