துப்பட்டிக்குள் மூன்று சட்டைகள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, காலாண்டு விடுமுறைக்கு என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு அம்மா அடுத்த ஜீப்பிலேயே போடிக்கு இறங்கிவிட்டாள். போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறையும் அடுப்படியும்தான் வீடு. பெரியம்மா, பெரியப்பா, பெரியம்மாவின் மாமியார். மழை விடவேயில்லை.

அவர்களுக்குக் கம்பளி இருந்தது. எனக்குப் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்த துப்பட்டியைக் கொடுத்தார்கள். மாமியார் கல்யாணமாகி மலையேறி வந்த வருடம் தைத்தது. கிழியக் கிழிய மேலே இன்னொரு சேலையை வைத்துத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலிரண்டு அடுக்கும் பெரியம்மாவின் சேலைகள். போர்த்தினால் புரள முடியாத கனம்.

மாமியாருக்குப் பெரியம்மாவைக் கண்டால் ஆகாது. ஈர விறகு புகைந்தாலும், "ரெண்டையும் மண்ணுக்குக் குடுத்தவ கை வச்சா அடுப்பு எங்குட்டு எரியும்?" என்பாள். பெரியம்மா குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டேயிருப்பாள். தோட்டத்தில் எதையோ தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா ஏலக்காய் எடுக்கவும் மாமியார் விறகு பொறுக்கவும் போயிருந்த ஒருநாள், துப்பட்டியின் ஓரத்தில் மெத்தென்று எதுவோ கையில் தட்டியது. பெரியப்பாவின் சவர பிளேடால் தையலைப் பிரித்தேன். கைக்குழந்தைச் சட்டைகள் இரண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த என் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டுமே பெரிது. இன்னும் இருக்குமென்று அடியடுக்கையும் பிரித்தேன். பழுப்பேறிப்போன சட்டை ஒன்று வந்தது. அது கச்சிதமாகப் பொருந்தியது.

முதலில் வந்தது பெரியம்மாதான். தரையில் கிடந்த இரண்டு சட்டைகளையும் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பொம்மையைப் பார்த்தாள். அதற்குள் மாமியார் விறகுக்கட்டோடு வாசலுக்கு வந்திருந்தாள்.

"அத்தே, நான் வச்சது ரெண்டுதான். இது யாருது?"

மாமியார் தலைச்சுமையை இறக்கவில்லை.

"என் தலைச்சன். ஒம்போது நாளு இருந்தான். மூச்சு எளைச்சுச்சு. அப்ப ஏது ஜீப்பு? தூக்கிக்கிட்டு நடந்தே எறங்குனேன். பாதி வழி போகல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அத்தே?"

"சொல்லி?"

பெரியம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததில்லை. நான் அழுததை இருவருமே கவனிக்கவில்லை. போய்விட்ட பிள்ளையின் சட்டையைத் தூக்கி எறிய மனம் வராது, இன்னொரு பிள்ளைக்குப் போடவும் கொடுக்கமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? யாருக்கும் உதவாத சட்டைக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

வாசல் வெளிச்சத்தில் துப்பட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்து, சட்டைகளை இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்தார்கள்.

"முழுசா மூடித் தச்சிரு ஆத்தா," என்றாள் மாமியார். பெரியம்மாவை அவள் ஆத்தா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல்முறை. "இனிமே இதத் தெறக்க வேணாம்."

பெரியம்மாவுக்கு அது ஐந்தாவது மாதம். குளிருக்காக இரண்டு சேலை சுற்றியிருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேலடுக்கில் தன் இரண்டு சட்டைகளுக்குப் பக்கத்தில், இன்னொன்று நுழைகிற மாதிரி ஒரு சாண் அளவுக்குத் தைக்காமல் விட்டு, முடிச்சுப் போட்டு நூலைக் கடித்தாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டு மழைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எப்படியாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டுமென்று எனக்கு. அடுப்படி மாடத்தில் தேடி நூல்கண்டை எடுத்து வந்து பெரியம்மா கையில் வைத்தேன்.

"நூல் இன்னும் நெறையா இருக்கு பெரியம்மா. மிச்சத்தையும் தைங்க."