சூசையப்பர் பக்கம்

பேத்தியின் போனில் காலையில் ஒரு சாமியார் பேசுகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கியதிலிருந்து தினமும் வருகிறார். இப்போது அதைத் திருவருகைக் காலம் என்கிறார்கள், எனக்கு வாயில் பழையதுதான் வருகிறது. அன்றைக்கான வேதவசனம், அதற்கு ஒரு தியானம், கடைசியில் சின்னதாக ஒரு செபம். பேத்தி தலை பின்னி முடிப்பதற்குள் முடிந்துவிடும். முந்தாநாள் அவர் சூசையப்பரைப் பற்றித் தொடங்கினார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

"என்ன தாத்தா, சாமியார் பேசுறது புடிக்கலையா?"

"செத்த வெயில்ல நிக்கலாம்னுதான்."

அன்றைக்கு வெயிலே இல்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். அதிலும் பாதி நாள் மாட்டோடு போய்விட்டது. பின்னாளில் பஸ்ஸில் ஊர்ப்பெயரைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினேன். இதையும் அப்படிக் கூட்டித்தான் எழுதுகிறேன். வாக்கியம் குட்டையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். செபம், ஞாயிற்றுக்கிழமைப் போதனை, சாவு, சண்டை எல்லாவற்றுக்கும் அவர். பூசை லத்தீனில் நடக்கும். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. ஊரில் யாருக்குமே தெரியாதே.

ஆகமன காலத்தில் மட்டும் செபம் வீட்டுக்கு வரும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு வீடு, முறை வைத்து. உபதேசியாரிடம் ஒரு தியானப் புத்தகம் இருந்தது, நாளுக்கு ஒரு பக்கம். சிவப்புத் துணியில் சுற்றி, பூச்சி வராமல் உள்ளே வசம்பு போட்டிருப்பார். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் அந்த வாசனை அடிக்கும் பாருங்கள், எல்லாரும் தொட்டிலைப் பார்ப்பார்கள், எனக்கு அந்தப் புத்தகம்தான் நினைப்பில் வரும். முறை வீட்டுக்கு மத்தியானமே புத்தகம் வந்துவிடும், அன்றைய பக்கத்தில் ரிப்பன் போட்டு. சாயங்காலம் ஊர் கூடியதும் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை வாசிப்பார். வாசித்து முடித்ததும் தன் மனசில் பட்டதை இரண்டு வார்த்தை சொல்வார். வாசிக்கத் தெரியாதவர் புத்தகத்தை உபதேசியார் பக்கம் நகர்த்திவிடுவார். யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். பாதி ஊர் அப்படித்தான்.

நானும் நகர்த்தியிருக்கலாம். என் கல்யாணம் அதைக் கெடுத்தது.

பெண் கேட்டுப் போனபோது என் பெரியப்பா, "பையன் அஞ்சாவது பாஸ்" என்று சொல்லிவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை. பேச்சு கொஞ்சம் தொய்ந்ததாம், அதைத் தூக்கி நிறுத்தச் சொன்னாராம். பெண் திரேசா, கன்னியாஸ்திரிகளிடம் போர்டிங்கில் இருந்து எட்டாவது படித்தவள். அவளுடைய அண்ணன் திருமயம் பக்கம் வாத்தியார். அந்த வீட்டில் மாடும் கன்றும்தான் வாசிக்காது.

பாஸ்குவுக்கு, அதாவது ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் ஆனது. அதிலிருந்து ஆகமன காலம் வரைக்கும் சமாளித்தேன். வெல்லம் மடித்து வந்த காகிதத்தை நீட்டி, "இதுல என்னமோ போட்ருக்கு பாருங்க" என்பாள். "கண்ணு எரியுது, நீயே பாரு" என்பேன். அந்த வருஷம் என் கண் எரிந்த அளவுக்கு ஊரில் யார் கண்ணும் எரிந்திருக்காது.

எங்கள் வீட்டு முறை சூசையப்பர் பக்கத்தன்று விழுந்தது. அன்றைக்கு வாத்தியார் மச்சானும் வருவதாகச் சொல்லி அனுப்பினார். தங்கச்சி வீட்டு முதல் முறை, வராமல் இருப்பாரா. புத்தகத்தை உபதேசியாரிடம் நகர்த்தினால் பெரியப்பாவின் அஞ்சாவது அன்றைக்கே வெளியே வந்துவிடும். பொய் சொல்லிப் பெண் எடுத்த வீடு என்று ஆகிவிடும்.

என் சேக்காளி சவரிமுத்து வீட்டில் அதே புத்தகம் ஒன்று அட்டை போய்க் கிடந்தது. அவன் எட்டாவது வரை போனவன். அந்த வருஷம் மழை இல்லாமல் நான் கவலை ஓட்டிக்கொண்டிருந்தேன். கவலை என்றால் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைப்பது. மாடு சரிவில் இறங்கினால் தோல்பை மேலே வரும். மாட்டைப் பின்னால் தள்ளி ஏற்றினால் பை உள்ளே போகும். சவரிமுத்து வாரியில், அந்தச் சரிவின் ஓரமாக, உட்கார்ந்து வாசிப்பான். இறங்கும்போது ஒரு வரி, ஏறும்போது ஒரு வரி. எனக்கு எழுத்துதான் ஏறாது. காதில் விழுந்தது போகாது.

"டேய், மெதுவாச் சொல்லுடா. சூசையப்பர மாட்டோட சேத்து வெரட்டுறியே" என்பான்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். தனக்கு நிச்சயித்த தேவமாதா, சேர்ந்து வாழும் முன்பே கர்ப்பமாக இருப்பது சூசையப்பருக்குத் தெரிகிறது. ஊர் முன்னால் மாதாவை அவமானப்படுத்த அவருக்கு மனசில்லை. நாலு பேர் அறியாமல் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். அதனால்தான் அவரை நீதிமான் என்கிறது வேதம், அடுத்தவர் மானத்தை மூடுவதும் நீதிதான் என்று அந்தத் தியானம் சுற்றிச் சுற்றிச் சொல்லும். எனக்கு அது தண்ணீர் மாதிரி வந்தது. அர்த்தம் எவ்வளவு உள்ளே போனது என்பதை இனிமேல் பார்ப்பீர்கள்.

எங்கள் முறைக்கு முந்தின நாள், வருஷம் பூராவும் வராத மழை வந்தது. முறை வீட்டுக்காரர் கூரையே ஒழுகியதால் அன்றைக்குச் செபம் கூடவில்லை. மறுநாள் மத்தியானம் உபதேசியார் புத்தகத்தைக் கொண்டுவந்து திரேசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. குருசுக்கு முன்னால் மெழுகுதிரி. ஆம்பளைகள் முன்னால், பொம்பளைகள் அடுப்படி வாசல் வரைக்கும். மச்சான் என் தோளை ஒட்டி உட்கார்ந்தார். ரிப்பன் இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு சூசையப்பரைச் சொல்ல ஆரம்பித்தேன். நன்றாகவே போனது. ஓரிடத்தில் மட்டும் வரி முடிந்ததும் என் நாக்கு தானாக மாட்டை அதட்டுகிற சத்தத்தைப் போட்டது. சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

பாதியில் மச்சான் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, இதுல சக்கரியாஸுல்ல இருக்காரு."

முந்தின நாள் விட்டுப்போன பக்கத்தை விடக் கூடாது என்று உபதேசியார் அதில் ரிப்பனைப் போட்டு அனுப்பியிருக்கிறார். சக்கரியாஸ், தேவதூதன் சொன்னதை நம்பாமல் ஊமையாகிப் போன பக்கம் அது. வருஷா வருஷம் கேட்ட பக்கம், ஊருக்கே தெரிந்த கதை. பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். என் விரல் சக்கரியாஸ் மேல் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

அடுப்படி வாசலில் இருந்து திரேசா பேசினாள். ஆம்பளைகள் கூடின இடத்தில் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவுகளுக்கு இன்னிக்குப் பக்கம் மனப்பாடம் அண்ணே. ஒரு வாரமா தெனம் சாயங்காலம் எனக்கு வாசிச்சுக் காட்டுறாக. அதான் எழுத்தப் பாக்காமலே வருது. பக்கம் மாறுனது தெரியல."

மச்சான் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன்" என்றார். உபதேசியார், "நல்லது, வீட்டுல தியானம் நடக்குதுன்னா சந்தோசம். சக்கரியாஸ நான் வாசிச்சுக்கிறேன். நீ ரெண்டு வார்த்த சொல்லி முடி" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெல்லக் காகிதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கண் எரிச்சலை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. தெரிந்துகொண்டே காகிதத்தைத் திருப்பி வாங்கி அவளே வாசித்திருக்கிறாள்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். பேச்சு வராதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்குப் பார்த்துப் பேச்சு வந்தது. வேதத்தைச் சொன்ன வாய், குருசு எதிரில் இருக்கிறது, ஏதோ பெரிய புண்ணியம் செய்யப்போகிறவன் மாதிரி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. அவ சொன்ன மாதிரி நான் ஒருநாளும் வாசிச்சுக் காட்டல."

சொன்னதும் உடம்பு லேசாக இருந்தது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் எனக்கு நன்றாகவே இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாத் தலையும் அடுப்படிப் பக்கம் திரும்பியது. வாசிக்கத் தெரியாதவர்கள் அந்தக் கூடத்தில் பத்துப் பேர் இருந்தோம். குருசுக்கு முன்னால், கூடப் பிறந்த அண்ணன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். உபதேசியார் அவசரமாகச் செபமாலையைத் தொடங்கினார்.

மச்சான் காப்பி குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரேன் மாப்ள" என்றார். தங்கச்சியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என்மேல் அவருக்குக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. பெரியப்பாவின் அஞ்சாவதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் திரேசா கஞ்சியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க உண்மையச் சொல்லி நல்லவுக ஆயிட்டீக. சரி."

கஞ்சியைக் குடித்தேன்.

குளத்தடியில் பொம்பளைகள் அவளை விடவில்லை. "என்ன திரேசா, நேத்து என்ன வாசிச்சுக் காட்டுனாக? பழைய ஏற்பாடா, புதுசா?" என்று கேட்பார்களாம். சவரிமுத்துவின் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவள் குடத்தை மட்டும் நிறைத்துக்கொண்டு வந்துவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் வந்தார். கோயிலில் வரிசை நின்றது. ஒரு கிழவி இவளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"நீ போ தாயி. ஒனக்குத்தான் அவசரச் சோலி இருக்கு."

வரிசையே சிரித்தது. ஆம்பளைகள் வரிசையில் நானும் நின்றேன். நான் எதைச் சொல்வது? சாமியாரிடம் போய், உண்மை சொன்னேன் சாமி, மன்னியுங்கள் என்றா? கோபப்பட்டது, சுத்தபோசன நாளில் கறி தின்றது என்று வழக்கமானதைச் சொல்லிவிட்டு வந்தேன். சூசையப்பர் எதைச் செய்ய மாட்டேன் என்று இருந்தாரோ அதை, அவர் பக்கத்தைச் சொன்ன வாயாலேயே, நான் செய்திருந்தேன். அதற்குப் பத்துக் கட்டளையில் எந்த நம்பர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தலைக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோம். மச்சான் வேட்டி எடுத்துக் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார். தங்கச்சியிடம், "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்டார். அதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் கூடம் கொள்ளாத சிரிப்பாக இருக்கும் என்று கல்யாணத்தின்போது பார்த்தவன் நான்.

பிறகு வந்த வருஷங்களில் முறை வரும்போதெல்லாம் புத்தகத்தை உபதேசியாரிடம் நகர்த்தினேன். அறுபதுகளின் கடைசியில் பூசை தமிழுக்கு வந்தது. வசனமெல்லாம் கோயிலிலேயே கேட்கக் கிடைத்தது. வீட்டுமுறை ஒரு வருஷம் விட்டுப்போனது, அப்படியே நின்றது. உபதேசியார் செத்த பிறகு அந்த வேலைக்கு வேறு ஆள் போடவில்லை. புத்தகம் எந்த வீட்டில் செல்லரித்ததோ. கவலை போய் மோட்டார் வந்தது, கிணறும் வற்றிவிட்டது. திரேசா போயும் வெகுகாலம் ஆகிறது.

அவள் நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்தினாள். சண்டை என்று பெரிதாக இல்லை. ஆனால் யாராவது வாசலில் வந்து, "அவுக இருக்காகளா?" என்று கேட்டால், இல்லையென்று சொல்லச் சொல்லி நான் உள்ளே இருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தாலும், "இருக்காக, உள்ளதான் படுத்துருக்காக" என்பாள். சோற்றில் உப்பு கூடியிருக்கிறதா என்று நானே கேட்டாலும் உள்ளதைச் சொல்வாள். ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளும் புருஷனுக்காகச் சின்னச் சின்னதாய் எவ்வளவு மூடி மறைக்கிறார்கள் என்று பக்கத்து வீடுகளில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டில் அது இல்லை. எனக்காக அவள் ஒரு பொய் சொன்னாள். அதன் பிறகு சாகிற வரைக்கும் சொல்லவில்லை.