அந்திப் படத்தில் நின்றவர்

ஒருநாள் ஓட்டல் லிஃப்ட்காரனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். மேனேஜர் வருவதைப் பார்த்த அக்கா, வாளியைச் சரித்து லிஃப்ட் வாசலில் தண்ணீரைக் கொட்டி, ‘தரை ஈரம்’ பலகையை வைத்துவிட்டாள். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போனார். அரைக்கண்ணால் லிஃப்ட்காரன் பார்த்தான். அவளோ கடைசிவரை அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆண்டவன் சிலரை அப்படிப் படைத்துவிடுகிறான்.

அந்த ஓட்டலில் தரை துடைப்பது அவள் வேலை; அங்கே எல்லாருக்கும் அவள் ‘அக்கா’. வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் இருந்தது. அந்த ஊர்க் கடைத்தெருவேதான், விளக்கேற்றும் நேரம், மழை விட்ட சாலை. கிட்டே போனால் வெறும் சாய அப்பல். தள்ளி நின்றால் தெரு நடமாடும்.

அந்தத் தெருமுனையில்தான் அவள் புருஷன் மூட்டை இறக்கிவிட்டு, அவளுக்காகத் தினமும் காத்து நிற்பான். ஒரு சாயங்காலம் அங்கேயே லாரி அடித்துப் போட்டது. வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் போட்டோவும் வெள்ளத்தில் ஊறி முகம் கரைந்துவிட்டது. படத்தின் மூலையில் ஒரு பழுப்புத் தீற்றல், இடது தோள் சரிந்து நின்றது. சுமை தூக்கிய தோள். எதிரே தள்ளியிருந்த தூண் பக்கம் துடைக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள். நெஞ்சு நிறைந்துவிடும்.

புருஷன் படத்தில் நிற்பதை லிஃப்ட்காரனை நம்பித்தான் சொன்னாள். அவன் ஊருக்கே தண்டோரா போட்டான்.

“என்னக்கா, உங்க வீட்டுக்காரர் இன்னிக்காவது சட்டை மாத்தினாரா?” என்பாள் வரவேற்பறைப் பெண்.

“எத்தனை நாளு நிக்கவைப்பே? உக்காரச் சொல்லு, கால் கடுக்கும்ல” என்பான் சலவைக்காரன்.

அக்கா சிரித்துக்கொண்டே துடைப்பாள்.

ஒரு விருந்துக்கு ஓவியரே வந்தார். நாலு பேர் சிரிக்கட்டுமே என்று லிஃப்ட்காரன் பல்லைக் காட்டினான். “சார், எங்க அக்கா புருஷன் உங்க படத்துல இருக்காராம்!”

“அப்படியா? எங்க, காட்டுங்கம்மா.” ஓவியர் அவள் தோளில் கைவைத்துப் படத்துக்கு மூக்கு முட்டும் தூரத்துக்கு நடத்திப் போனார். அவள் விரலை நீட்டினாள்.

“இதுவா? இது குப்பைத்தொட்டிம்மா. அந்த இடத்துல கொஞ்சம் இருட்டு தேவைப்பட்டுச்சு.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. அதில் லிஃப்ட்காரன் சிரிப்புதான் பெரிசு. மறுநாளிலிருந்து அவளுக்குப் பேரே ‘தொட்டி சம்சாரம்’. படத்துக்கு முதுகைக் காட்டியே துடைத்தாள். மாசம் முடியுமுன் வேலையை விட்டாள்.

பின்வாசலில் லிஃப்ட்காரன் வழிமறித்தான். காய்ச்சல் நாள் அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்து தொலைத்தது.

“வெளையாட்டுக்குத்தான்க்கா சொன்னேன். மனசுல வச்சுக்காதே.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“தள்ளி நின்னு பாத்தப்ப மனுஷனாத்தான்டா இருந்தாரு, தம்பி. நீங்கதான் என்னைக் கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. சரி, லிஃப்ட் மணி அடிக்குது பாரு, போ.”