ரோமிங் செலவும் கரடி வரவும்

குன்னூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு இலங்கையில் ஹட்டன் பக்கம் இருக்கும் நாத்தனாரைப் பார்க்க நானும் கணவரும் போனோம். ரோமிங் செலவுக்குப் பயந்து, இறங்கியதும் அந்த ஊர் சிம் வாங்கிப் போட்டேன். நம் ஊர் சிம் பர்ஸுக்குள் போய்விட்டது. வாட்ஸ்அப் இருக்கிறதே என்று புது எண்ணை யாருக்கும் சொல்லவில்லை.

நாத்தனார் வீட்டில் சிக்னல் கிடையாது. புறப்பட வேண்டிய நாளில் அவர் எங்களை விடவில்லை. மறுநாள் காலை பஸ் நிறுத்தம் வரை நடந்தபோது சிக்னல் கிடைத்தது. பக்கத்து வீட்டுச் செல்வியிடம் தாமதத்தைச் சொல்ல வாட்ஸ்அப்பில் அழைத்தேன்.

"அக்கா, நீங்க ஊட்டுக்குள்ள இல்லீங்களா?" என்றாள் செல்வி.

"இன்னும் ஹட்டன்லதான் இருக்கோம்."

"ஏனுங்க, கதவை உடைக்காதீங்க. உள்ள யாரும் இல்லீங்களாம்" என்று அவள் தன் கணவரிடம் கத்துவது கேட்டது.

எங்கள் சமையலறைக் கதவைப் பிளந்து கரடி புகுந்திருக்கிறது. நாங்கள் முந்தின நாளே திரும்பிவிட்டதாக நினைத்துச் செல்வி நம் ஊர் எண்ணுக்கு அழைத்தால், அது அணைந்திருப்பதாக வந்திருக்கிறது. எங்களைக் காப்பாற்ற அவள் கணவர் கடப்பாரையோடு முன்வாசலில் நின்றிருக்கிறார். வனத்துறையினர் வந்து வெடி போட்டதும் கரடி வந்த வழியே போய்விட்டது. எங்களுக்கு நஷ்டம் அந்தக் கதவும் எண்ணெயும் வெல்லமும்தான். அந்த மனிதர் உள்ளே போயிருந்தால்? நினைக்கவே முடியவில்லை.

இப்போது இரண்டு சிம் போடும் போன் வைத்திருக்கிறேன். நம் ஊர் சிம்மும் ரோமிங்கில் உயிரோடு இருக்கும். அதில் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுவேன். அழைப்பு வந்தால் எடுக்காமல், அந்த ஊர் சிம்மின் டேட்டாவில் வாட்ஸ்அப் வழியாகத் திருப்பி அழைப்பேன். செலவு கையைக் கடிப்பதில்லை. பயணத் தேதி மாறினால், என் கணவருக்கு முன்பே செல்விக்குத் தெரிந்துவிடும்.