தாள் சிவந்த நாள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் ஆய்வக உதவியாளராக இருந்தபோது அந்த ஆராய்ச்சி மாணவியைப் பார்த்தேன். பர்தாவின் கையை முழங்கை வரை மடித்திருப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். எந்தக் கரைசலிலும் அமிலம் காட்டும் தாளை நனைத்துப் பார்த்து, அதை நோட்டில் ஒட்டிவைப்பார். இலைச்சாறு கலந்த பிறகு மட்டும் பார்க்கத் தவறியிருந்தார்.

மணிமுத்தாறு மலையில் பறித்த இலை அது. மூளை செல்லில் வேதிச் செய்தி வந்ததும் திறக்கும் நுண்ணிய வாசலை அதன் சாறு மூடுகிறது என்பதுதான் அவரது இரண்டு வருட உழைப்பு. ஒருநாள் சாறு கலந்தபின் தாளை நனைத்தார். சிவந்தது. உடனே இலையே இல்லாமல், அதே அளவு புளிப்புக்கு அமிலம் மட்டும் சேர்த்துப் பார்த்தார். அப்போதும் வாசல் மூடியது.

“இலைதான் மூடுச்சுன்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. புளிப்பே மூடியிருக்கலாம்.”

“கட்டுரையை எழுதி முடிச்சாச்சு, அப்படியே அனுப்பிரும்மா. இதை யாரு பாக்கப்போறா?” என்றேன்.

“நான் பாத்துட்டேம்லா.”

மறுநாள் நான் பூட்டைத் திறக்கும் முன்பே புது நோட்டுடன் வந்து நின்றார். சாற்றின் புளிப்பை முறித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அந்த இலைக்குச் சக்தி உண்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. தாள் சிவந்ததை நானும்தான் பார்த்திருந்தேன்.