ஏழாவது கேள்விக்கு நைனா சொன்ன பதில்

1967 ஜனவரி 21, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக் கிணற்றில் குளித்தேன். பேனாவுக்கு மை நிரப்பினேன். நாற்பது படிவங்களை எண்ணி, மூலை மடங்காமல் அட்டைக்குள் வைத்துக் கட்டினேன். ஏழு மணிக்கு நாலு இட்லி. ஏழே முக்காலுக்கு வல்லம் பஸ். அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது ஒரு வரிகூட இல்லை. அதை எழுத இத்தனை வயதாகிவிட்டது.

அப்போது சென்னையில் பி.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாணவர்களும் ஒரு விரிவுரையாளரும் கிராம ஆய்வுக்கு வந்திருந்தோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர். செஞ்சிக் கோட்டையை அவர் பார்த்ததில்லை. மூன்று நாள் கிராமம், ஒரு நாள் கோட்டை என்று திட்டம். மூன்றாம் நாளுக்கு அவர் குறித்திருந்த ஊர், என் ஊர். ஊர் என்று சொல்வதுகூடத் தப்பு. ஊருக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த சேரி. ஆறாம் வகுப்பிலிருந்து விடுதிகளிலேயே வளர்ந்ததால் ஊர்த்தெருவில் என் முகம் யாருக்கும் தெரியாது. கூட வந்தவர்களிடமும் நான் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஊர்த்தெருவை முற்பகலுக்குள் வீடு வீடாகப் போய் முடித்தோம். பிறகு மணியக்காரர் வீட்டுக் கொட்டகையில் எங்களை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்கும் ஒன்று. என் நைனா அந்த வீட்டு நிலத்தில்தான் கூலி வேலை செய்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே செய்தார். அப்பனுக்கு அந்த வீட்டில் மோர் கொடுத்தால் கொட்டாங்குச்சியில்தான் கொடுப்பார்கள். மகன் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தேன்.

“தெற்கே சேரி பாக்கி இருக்குதுங்க” என்றார் விரிவுரையாளர்.

“அங்க எதுக்குங்க, ஒரே சேறு. நான் சொல்றேன், எழுதிக்குங்க. முப்பத்தொரு வீடு. எல்லாம் கூலி. படிப்பு கிடையாது.”

“ரொம்ப நல்லதுங்க.”

ஒரு வீட்டைப் பற்றி அந்த வீட்டாரிடமே கேட்க வேண்டும் என்று வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டவர் இவர்தான். ஒரு காபியில் அழிந்துபோயிற்று.

அப்போது நைனா நெல்லுக்கட்டோடு களத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“சந்தேகமிருந்தா அதோ போறான் பாருங்க, அவனையே கேளுங்க. டேய், இங்க வாடா!”

நைனா கட்டை இறக்கிவிட்டு, தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றார். என்னைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார்.

“உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும், நீ கேளுப்பா” என்றார் விரிவுரையாளர்.

கேட்டேன். பெயர், வயது, தொழில். ஆறாவது, பெண் பிள்ளைகள்: ஒன்று. ஏழாவது, ஆண் பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள்?

“ஆம்பளப் புள்ள இல்லீங்க, சாமி.”

என்னைச் சாமி என்றார்.

மணியக்காரர் சிரித்தார். “ஒருத்தன் இருந்தானேடா?”

“இருந்தானுங்க ஆண்டே. மெட்ராசுப் பக்கம் ஓடிட்டானுங்க.”

“ஓட்டல்ல தட்டு கழுவுறானா?”

“இருக்கலாமுங்க.”

பெஞ்சில் இருந்த என் வகுப்புத் தோழர்களும் சிரித்தார்கள். பதினேழாவது படிவத்தில் அழகான கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

நான் காலையிலிருந்து யோசிக்காததை நைனா ஒரு நொடியில் யோசித்துவிட்டார். இவன் என் மகன் என்று சொல்லியிருந்தால் அந்த டம்ளர் குப்பைக்குப் போயிருக்கும். அவர் வேலையும் போயிருக்கும், அதுவும் நடு அறுப்பில்.

திரும்பும் பஸ்ஸில் விரிவுரையாளருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பதினேழாவது படிவம் தப்பு சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அது எங்க வீடு.”

வல்லத்துக் கடலைச் செடிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். “முன்னாடியே சொல்லியிருந்தா உன்னை இதுல சேர்த்திருக்க மாட்டேன். சொந்த ஊருன்னா நடுநிலை போயிடும். விடுப்பா, மொத்தத்துல ஒரு வீடு பெரிசா? நாளைக்குக் கோட்டை ஏறணும், சீக்கிரம் தூங்கு.”

நடுநிலையாம். நிலக்காரன் கொட்டகையில் நிழலில் உட்கார்ந்து, வெயிலில் நிற்கிறவனைப் பார்த்து உனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்பதற்கு நடுநிலை என்று பெயர். பிறகு நான் பட்டம் வாங்கினேன், அதே பாடத்தை வைத்துச் சம்பளமும் வாங்குகிறேன். அந்தச் சொல்லை யார் சொன்னாலும் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கோட்டைக்குக் கிளம்புவதற்கு முன்பே, ஐந்து மணிக்கு, குளிக்காமல், பல்கூடத் துலக்காமல், வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தேன். நைனா வீட்டுக்கு வெளியே வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன்.

“இன்னாடா, என் பேரு உனக்குத் தெரியாதா?”

“கேட்டுத்தான் எழுதணும் நைனா.”

சொன்னார். ஏழாவது கேள்வி வந்ததும் குச்சியை எடுத்துவிட்டுத் துப்பினார்.

“ஒண்ணு. மெட்ராசுல பி.ஏ. படிக்குது. எழுதிக்க.” பிறகு என் பேனாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஆனா அந்த வாசல்ல வச்சுக் கேட்டா நாளைக்கும் இல்லைன்னுதான் சொல்லுவேன். அறுப்பு முடியணும்.”

எழுதினேன். தலைப்பில் 17 என்று எண் போட்டேன். பழைய பதினேழைக் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே குண்டூசியால் குத்தி, புதியது மேலே இருக்கும்படி படிவக் கட்டுக்குள் வைத்தேன்.